ஒத்துழைப்பு இல்லை

வர்ணிகா முதன்முதலில் பேசியது "தண்ணி வேணுங்க" என்று. பேசியது அவள் வாய் அல்ல, கழுத்தில் கட்டியிருந்த இரண்டு விரல் அகலப் பட்டை. தாகம் மட்டும் அவளுடையது. அவள் அம்மா பிரவீணா பாட்டிலைத் திறக்கப் போய், பாதியைத் தன் துப்பட்டாவில் கொட்டிக்கொண்டாள். மீதியைப் புகட்டி முடித்த பிறகுதான் அழுதாள். பக்கத்து அறைகளில் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. திருப்பூரில் எங்கள் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு நான்கு வயதில் வந்தவள். பெருமூளை வாதம். தலையும் கால்களும் வலது கையும் அவள் நினைத்தபடி அசையாது. இடது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். நாம் சொல்வது அத்தனையும் அவளுக்குப் புரியும். யாராவது தும்மினால் சிரிப்பாள், அதிலும் தும்மலை அடக்க முயன்று தோற்பவர்களைப் பார்த்துத்தான் அதிகம் சிரிப்பாள். பேச்சு மட்டும் வராது. வாரத்துக்கு மூன்று நாள், மூன்று ஆண்டுகள், அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான்.

பட்டையைச் செய்த கம்பெனியிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஃபைசலை பிரவீணா விடவில்லை.

"ஏனுங்க தம்பி, அவ நெனைக்கறது இதுக்கு எப்படீங்க தெரியுது?"

"நினைக்கிறது தெரியாதுக்கா. பேச முயற்சி பண்ணும்போது தொண்டைத் தசையில ஒரு சின்ன மின்துடிப்பு வரும். இவளுக்கு அது கலங்கலா வருது. அந்தக் கலங்கலைக் கேட்டுட்டு, இந்தச் சொல்லா இருக்கலாம்னு பட்டை ஊகிக்கும்."

"ஊகமுங்களா?"

"நல்ல ஊகம்க்கா. இவளை மாதிரி நாலாயிரம் குழந்தைங்களோட பயிற்சிப் பதிவைப் படிச்சிருக்கு. மேடம் எழுதின பதிவும் அதுல இருக்கு."

பிரவீணா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிரசவ அறையிலிருந்து குழந்தையை ஏந்தி வரும் நர்ஸைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. நான் குனிந்து அட்டைகளை அடுக்கினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து பத்து நிமிடம் என்னைப் பற்றியே பேசினேன். அம்மா, "உடம்பு சரியில்லையாடி?" என்று கேட்டாள்.

கழுத்துப் பட்டை தற்காலிகமானது. திருப்பூர் வெயிலில் வியர்த்தால் நழுவும். இதே வேலையைச் செய்யும் நிரந்தரக் கருவி ஒன்று இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். பதினெட்டு வயது வரை எடுக்க மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில், அதை வைத்துக்கொண்டு வந்தால் ஜூன் மாதம் இரண்டாம் வகுப்பில் இடம் என்று சொல்லியிருந்தார்கள். நழுவுகிற பட்டையோடு வந்தால் இல்லை.

தைப்பதற்கு ஒரு விதி உண்டு. ஆறு வயது தாண்டிய குழந்தையின் சம்மதத்தை அதன் பயிற்றுநரே கேட்க வேண்டும். மூன்று வெவ்வேறு நாட்களில், ஒரே கேள்வி. குழந்தை சொன்ன சொற்களை அப்படியே படிவத்தில் எழுத வேண்டும். மூன்றில் ஒன்று மறுப்பாக இருந்தாலும் அந்த ஆண்டு தைக்கக் கூடாது. மே முப்பத்தொன்று கடைசி நாள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி முதல் முறை கேட்டேன்.

"வர்ணிகா, காதுக்குப் பின்னால ஒரு சின்னக் கருவி வெச்சுத் தைப்பாங்க. ஊசி போடுவாங்க, கொஞ்சம் வலிக்கும். ரொம்ப வருசத்துக்கு எடுக்க முடியாது. வெச்சுக்கிறியா?"

"சரிங்க மிஸ்" என்றது பட்டை.

பன்னிரண்டாம் தேதியும் கேட்டேன். "சரிங்க மிஸ்."

அவள் அப்பா தினகரன் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். நகக்கண்களில் எப்போதும் நீலம் இருக்கும். அவரும் தினமும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பாவப் புடிக்குமா அம்மிணி?" பட்டை "புடிக்குமுங்கப்பா" என்று சொல்லும். அதைப் போனில் பதிந்து பட்டறை முழுக்கப் போட்டுக் காட்டியிருந்தார்.

இரண்டாம் முறை கேட்டு நான்கு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவீணா தனியாக வந்தாள். பனியன் கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. துப்பட்டா முழுக்க நூல் துணுக்குகள்.

"மேடம், ஒரு டவுட்டுங்க. தப்பா எடுத்துக்கப்படாது."

"சொல்லுங்க."

"நான் செக்கிங்ல இருக்கறனுங்க. ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் பாக்கறேன். எண்ணூறும் ஓகேன்னு எழுதிக் குடுத்தா எங்க சூப்பர்வைசர் என்ன பண்ணுவாரு தெரியுங்களா? பனியனைப் பாக்க மாட்டாரு. என்னையத்தான் பாப்பாரு. கண்ணு போச்சா, இல்ல தூங்கிட்டியான்னு கேப்பாரு."

பேச்சை எங்கே கொண்டுபோகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு மாசமா எம்புள்ள ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் பண்ணலீங்க."

"அப்படின்னா?"

"பாவக்கா பொரியல் வேணுமான்னு கேட்டேன். 'குடுங்கம்மா'ன்னுச்சு. கரண்டிய வாய்கிட்டக் கொண்டுபோனா வாயை இறுக்கி மூடிக்கறா. வாய் மூடியிருக்கு, கழுத்து 'இன்னுங் கொஞ்சம் குடுங்கம்மா'ங்குது! எனக்கு வெடுக்குன்னுச்சு. அப்புறம் சும்மா கேட்டுப் பாத்தேன். செருப்ப ரசத்துல போடட்டுமான்னேன். 'போடுங்கம்மா'. உன்ற அப்பன வித்துப்போடலாமான்னேன். 'வித்தர்லாமுங்க'."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"நானும் சிரிச்சுட்டுத்தான் இருந்தனுங்க. இன்னைக்குக் காலைல கம்பெனிக்கு நடந்து போறப்ப நெனச்சேன். நாளைக்கு அந்த இஸ்கோல்ல எவனாவது, வா பாப்பா போலாம்னு இவ சக்கர வண்டியத் தள்ளிட்டுப் போனான்னா, இது என்னங்க சொல்லும்?"

அவளுக்கு நேரமாகிவிட்டது, ஓடினாள்.

அன்று மாலைப் பயிற்சியில் வர்ணிகாவின் முன்னால் வாழைப்பழப் படம் போட்ட அட்டையை வைத்தேன்.

"வாழப்பழத்துல மொளகாப் பொடி தூவித் தரட்டுமா?"

"தாங்க மிஸ்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் இறுகியிருந்தன. இடது கை மேசைமேல் மெல்ல ஊர்ந்து வந்தது. இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை அட்டையின் ஓரத்தைப் பிடித்துக் கவிழ்த்தது.

அந்த அசைவு எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அதற்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இருந்தது.

பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு முயற்சிக்கும் பதிவில் குறி போடுவோம். குழந்தை கேட்டதைச் செய்தால் கூட்டல். முயன்று தவறினால் கழித்தல். முயலவே இல்லை என்றால் ஒ.இ. ஒத்துழைப்பு இல்லை என்பதன் சுருக்கம். அட்டையைக் கவிழ்ப்பது, சுவரைப் பார்ப்பது, சோப்புக் குமிழிப் பாட்டிலைத் தட்டிவிடுவது எல்லாமே ஒ.இ.தான். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் பின்னால் வந்தவர்களுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்தோம்.

அவளுடைய பதிவேட்டைத் திறந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு ஒ.இ. சிலவற்றின் பக்கத்தில் என் கையெழுத்தில் குறிப்பும் இருந்தது. "அட்டையைக் கவிழ்த்தாள். நிமிர்த்தி வைத்தேன். மீண்டும் கவிழ்த்தாள். நிமிர்த்தி வைத்தேன்."

ஃபைசலைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒ.இ. போட்ட பகுதியெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"எடுத்துட்டோம் மேடம். குழந்தை எதுவுமே சொல்லாத நேரம்னுதானே அர்த்தம்? அதை வெச்சு பட்டை என்ன கத்துக்கும்?"

"மொத்தத்துல எவ்வளவு இருந்தது?"

விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"மூணுல ஒரு பங்கு மேடம். ஏன்?"

"அவ்வளவும் வேண்டாம்னு சொன்னது."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு தாழ்ந்த குரலில், "அப்ப பட்டைக்கு வேண்டாம்னு ஒரு விஷயம் உலகத்துல இருக்கிறதே தெரியாது மேடம்" என்றான்.

மறுநாள் பிரவீணாவிடம் பதிவேட்டையே கொடுத்தேன். வாயால் சொல்வதைவிட எனக்கு அது எளிதாக இருந்தது. அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"மூணு வருசமாச் சொல்லியிருக்கா."

"ஆமா."

"நீங்க எழுதலை."

"எழுதினேன். தப்பான பேர்ல எழுதினேன்."

துப்பட்டாவிலிருந்து ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாய இறுக்குனா வேண்டாம்னு எனக்கு முன்னாடியெல்லாம் தெரியுமுங்க. குரல் வந்ததுக்கப்புறம் நானும் மூஞ்சியப் பாக்கறத வுட்டுட்டேன்." நூலை அறுத்தாள். "சரி, என்ன பண்றதுங்க இப்ப? அதச் சொல்லுங்க."

செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லாப் பயிற்சிகளுக்கும் காணொளி இருந்தது. ஒவ்வொரு ஒ.இ.யையும் திரும்பப் பார்த்து, அந்த நொடியில் குழந்தை கையாலோ கண்ணாலோ என்ன சொன்னது என்று எழுத வேண்டும். ஃபைசல் அதைப் பட்டைக்கு மறுபடி படிக்கக் கொடுப்பான். ஆனால் என் ஒருத்தியின் பதிவு போதாது. பதினொரு மையங்கள், அறுபத்து மூன்று பயிற்றுநர்கள்.

மாதாந்திரக் காணொளிக் கூட்டத்தில் நான் அதுவரை ஒலிவாங்கியைத் திறந்ததே இல்லை. அன்று திறந்தேன்.

"என் பதிவுல இருநூத்திப் பதினாலு தப்பு இருக்கு" என்றேன். வர்ணிகா அட்டையைக் கவிழ்க்கும் ஒரு நிமிடக் காட்சியைப் போட்டேன். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

திரையில் அறுபது முகங்கள். யாரோ ஒருவர், "இது வெளிய தெரிஞ்சா நம்ம வேலைக்கு ஆபத்தாச்சே" என்றார்.

ஓசூர் மையத்து கிளாடிஸ் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இருபத்தாறு ஆண்டு சர்வீஸ். "ஆபத்துதான். உனக்கு இருநூறுன்னா எனக்கு ஆயிரத்தைத் தாண்டும் பொண்ணு. எந்தத் தேதியிலிருந்து பாக்கணும், அதைச் சொல்லு."

கோடை விடுமுறை. எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். தினமும் எங்கள் குழுவில் செய்திகள் வரும். கரூரில் ஒரு சிறுமி வேண்டாம் என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். நாமக்கல்லில் ஒரு பையன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிடுகிறான். பிரேம் சரியில்லை என்று இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். "அவனோட அம்மாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்" என்று அவன் பயிற்றுநர் எழுதியிருந்தார். கிளாடிஸ் அக்காவின் கணக்கு ஆயிரத்து நூற்றெட்டில் நின்றது. ஒருவர்கூடப் பாதியில் விடவில்லை. இவர்கள் செய்கிற வேலையைத்தான் நானும் செய்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு முறை அல்ல, பல முறை.

மே இருபதாம் தேதி புதிய பட்டை வந்தது. ஃபைசல் இன்னொன்றையும் மாற்றியிருந்தான். துடிப்பு தெளிவில்லை என்றால் இனி ஊகிக்காது, பேசாமல் இருக்கும்.

வர்ணிகா முதல் நாள் முழுக்க ஒரே சொல்லைச் சொன்னாள். இட்லி வேண்டாம். தலை சீவ வேண்டாம். பச்சைச் சட்டை வேண்டாம். நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த புது அட்டைக் கட்டைப் பார்த்து, "வேண்டாம் மிஸ்." அட்டைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறென்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். பட்டை பேசவில்லை. நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அன்றைய பதிவில் அதை அப்படியே எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து பிரவீணா தினகரனின் கதையைச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சு வந்தாருங்க. 'அப்பா தூக்கட்டுமா அம்மிணி'ன்னாரு. 'வேண்டாம்'னுட்டா. மொகமே செத்துப்போச்சு. வெளிய போயி வண்டிகிட்ட நின்னுட்டாரு. கையில சாயம் நாத்தம்னு நெனச்சுக்கிட்டாரு போல, சோப்புப் போட்டு ரெண்டு தடவ கழுவுனாரு. கொஞ்ச நேரங்கழிச்சு வந்து மறுக்காக் கேட்டாரு. 'தூக்குங்க'ன்னா."

"சந்தோசப்பட்டாரா?"

"முன்னாடி நூறு தடவ தூக்குங்கன்னு சொல்லியிருக்குதுங்க மேடம். அதையெல்லாம் வுட்டுப்போட்டு இந்த ஒண்ணத்தான் ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறாரு."

மே முப்பத்தொன்று வந்தது. படிவத்தில் முதல் இரண்டு விடைகளுக்குக் கீழே, பட்டைக்கு அப்போது மறுக்கத் தெரியாது, காரணம் நான், என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். இனி எண்ணிக்கையில் வரப்போவது மூன்றாவது மட்டும். அதற்கு முந்தின வாரம் பள்ளியிலிருந்து பிரவீணாவுக்கு இரண்டு முறை போன் வந்திருந்தது. இடத்தை ஒன்றாம் தேதிக்கு மேல் வைத்திருக்க மாட்டார்களாம்.

அறையில் நாங்கள் ஐந்து பேர். வர்ணிகா அவள் வண்டியில். இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும். எதிரே ஃபைசல், மேசைமேல் ஒரு மாதிரிக் கருவியை வைத்திருந்தான், அவள் பார்க்கட்டும் என்று.

"ஒண்ணுஞ் சொல்லிக் குடுத்தராதீங்க" என்று பிரவீணா கணவனின் முழங்கையைத் தட்டினாள்.

"நானா? நீதான் காலைலருந்து அவ காதுல ஓதிட்டு இருக்கற."

"இஸ்கோல் போலாமான்னுதான் கேட்டேன். அது ஒரு தப்பா?"

நான் கேள்வியைக் கேட்டேன். அதே சொற்கள். ஊசி, வலி, ரொம்ப வருசம். வெச்சுக்கிறியா?

கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். பத்து விநாடி. பத்து போனது. இருபது போனது. பட்டையில் சத்தமே இல்லை. தினகரனின் உதடுகள் தாமாக அசைந்தன. பிரவீணா கண்ணை மூடிக்கொண்டாள். வர்ணிகா மாதிரிக் கருவியைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பப் போராடி, பாதி திருப்பி, ஃபைசலைப் பார்த்தாள். தொண்டை அசைந்தது.

"நீ வெச்சுக்க."

ஃபைசலின் கை அவனையறியாமல் தன் காதுக்குப் பின்னால் போனது.

"அம்மிணி!" என்று அதட்டினாள் பிரவீணா. "பெரியவங்கள அப்படியா பேசறது? எத்தன பெரிய படிப்புப் படிச்சவரு! யாரு உனக்கு இதெல்லாஞ் சொல்லிக் குடுத்தா?"

சொல்லி முடித்த வாய் திறந்தபடியே நின்றது. ஏழு வயதுப் பிள்ளை வைத்திருக்கும் எந்தத் தாயும் ஒரு நாளைக்கு இருபது முறை போடுகிற அதட்டல். இவளுக்கு இது முதல் முறை.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மறுபடியும் கேட்டாள். இந்த முறை என்னிடம், மெதுவாக.

நான் இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் அட்டைகளில் அப்படி ஒன்று கிடையாது. நாங்கள் கற்றுத் தருவதெல்லாம் தாங்க, சரிங்க, நன்றிங்க.

"எங்க பதிவுலயும் இல்ல மேடம்" என்றான் ஃபைசல். "நாலாயிரம் பேர்ல ஒருத்தரும் இதைச் சொன்னதில்ல. இதைப் பட்டை ஊகிச்சிருக்கவே முடியாது." மாதிரிக் கருவியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வர்ணிகா அவனுக்கு முன்பே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"அப்ப அந்த இஸ்கோல்?" என்றார் தினகரன்.

"போனாப் போகுது. பட்டையோட சேத்துக்கற இஸ்கோல் ஒண்ணு இருக்காதா, தேடுவோம். இல்லைன்னு எவனாவது சொன்னா ஹெட்மாஸ்டர்கிட்ட இவளையே பேச வுடறேன்." பிரவீணா முந்தானைபோல் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகம் முழுக்க வெளிச்சமாக இருந்தது.

நான் பேனாவை எடுத்தேன். மூன்றாவது விடை, குழந்தையின் சொற்களில். எழுதத் தொடங்கும்போது பிரவீணா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அவ சொன்ன மாதிரியே எழுதோணும். மரியாதையெல்லாம் சேத்துப்போடாதீங்க."